அப்பாவுக்கு அல்சைமர்: ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் என்ன உதவி இருக்கிறது? ஊரில் சேரும் பணத்தை எதற்குக் கொடுக்கலாம்?

தங்கச்சிமடம் மகள்

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, வாழ்நாள் முழுக்க நாட்டுப்படகுத் தொழில். கொஞ்ச காலமாகவே கேட்டதையே கேட்பது, வைத்த இடத்தை மறந்துவிட்டு அம்மா எடுத்துவிட்டாள் என்று சண்டை போடுவது என்று இருந்தார். வயசானா அப்படித்தான் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். போன மீன்பிடித் தடைக்காலத்தில் பக்கத்துத் தெருவிலேயே வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றுவிட்டார், அதற்குப் பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப்போனோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு அல்சைமர் என்ற மறதி நோய் என்றார்கள். டோனிபெசில் மாத்திரை எழுதித் தந்தார்கள். இது குணமாகாது, போகப்போகக் கூடும், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

கிழிந்த நண்டு வலையை மடியில் போட்டால் இன்றைக்கும் முடிச்சு பிசகாமல் போடுகிறார். ஆனால் காலையில் சாப்பிட்டதை மதியம் சாப்பிடவே இல்லை என்கிறார். என்னை அவருடைய தங்கச்சி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். காற்று மாறினால் போதும், நடுராத்திரி ஆனாலும் எழுந்து கடலுக்குப் புறப்படுகிறார். படகை விற்று வருடக்கணக்காகிறது, அதைச் சொன்னால் நம்புவதில்லை, நம்பினால் அழுகிறார். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. ராத்திரி தூக்கமே இல்லை, கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுக்கிறார். எனக்கு அப்பாவைவிட இப்போது அம்மாவை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது.

நம் பக்கம் இந்த நோய்க்கு யாரைப் போய்ப் பார்ப்பது, மதுரைக்கு அலையாமல் ஏதாவது இருக்கிறதா? புதிதாக ஊசி வந்திருக்கிறது, அது குணப்படுத்தும் என்று வாட்ஸப்பில் வருகிறதே, உண்மையா? அப்புறம் இன்னொன்று. செப்டம்பர் 21 உலக அல்சைமர் தினம். அண்ணனும் அவனோடு சிங்கப்பூரில் இருக்கிற நம் ஊர்ப் பையன்களும் அன்றைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பணம் சேர்க்கிறார்கள். பாதிப் பேர் ஆராய்ச்சிக்கு அனுப்பலாம், மருந்து கண்டுபிடித்தால்தானே விடிவு என்கிறார்கள். மீதிப் பேர் ஊரில் பேனர் வைத்து விழிப்புணர்வு ஊர்வலம் நடத்தலாம் என்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், எதற்குக் கொடுத்தால் உண்மையிலேயே பயன்படும்?

பாம்பன் தம்பி

அக்கா, ஏர்வாடி தர்காவுக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. எங்க சித்தப்பா இதே மாதிரி ராத்திரி முழுக்க உளறிக்கிட்டு இருந்தார், அங்கே வைத்திருந்தோம், ஒரு மாதத்தில் சரியாகிவிட்டார்.

கீழக்கரை லாத்தா

தங்கச்சி, உங்கள் அம்மா கதவுக்குக் குறுக்கே படுக்கிறார் என்று படித்ததும் உடனே எழுதுகிறேன். எங்கள் உம்மாவுக்கு இதே நோய், கடைசி வரை வீட்டில் வைத்துத்தான் பார்த்தோம். உம்மா மவுத்தாகிக் கொஞ்ச காலம் ஆகிறது.

முதலில் பாம்பன் தம்பிக்கு. தர்காவில் போய் துவா கேட்பதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன், நாங்களும் போனோம், மனசுக்கு அது வேண்டியிருந்தது. ஆனால் அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது வேறு. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு விடுதியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் ஓட வழியில்லாமல் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு சட்டம் மாறியது, அந்த மாதிரி விடுதிகளை மூடினார்கள். 2017 மனநலச் சட்டத்தில் யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். துவா கேட்டுவிட்டு வாருங்கள், அப்பாவை மட்டும் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள். பழக்கமில்லாத இடத்தில் விட்டால் இந்த நோய்க்காரர்கள் இன்னும் மிரண்டுபோவார்கள்.

இப்போது அம்மா விஷயம். ராத்திரிக் காவலுக்கு ஆள் மாற்றியே ஆக வேண்டும். வாரத்தில் இரண்டு ராத்திரியாவது அம்மா வேறு வீட்டில் போய்த் தூங்கட்டும். அந்த வீட்டிலேயே வேறு அறையில் படுத்தால் தூங்க மாட்டார், நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் என் மச்சியும் நானும் முறை வைத்துக்கொண்டோம். சொந்தத்தில் ஆள் இல்லையென்றால் சம்பளம் கொடுத்தாவது ஆள் வையுங்கள், அண்ணன் அனுப்புகிற பணத்தில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். கதவுக்கு மேலே, கை உயர்த்தினால்தான் எட்டும் இடத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள், திறந்தால் மணி அடிக்கிற மாதிரி ஒன்றும் மாட்டுங்கள். ஆனால் உள்ளே ஆள் இல்லாமல் அவரை வைத்துப் பூட்டிவிட்டு ஒருநாளும் போகாதீர்கள்.

படகை விற்றாச்சு என்று திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள், தங்கச்சி. ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதுச் செய்தி. ஒவ்வொரு தடவையும் புதிதாக அழுவார். "இன்னைக்கு நீரோட்டம் சரியில்லையாம், விடியட்டும், முதல்ல ஒரு டீ குடிங்க" என்று சொல்லிப் பாருங்கள். உம்மா, சின்ன வயதில் இறந்துபோன தன் தங்கையைத் தேடும்போது, அவரைப் பற்றிச் சொல்லுங்களேன் என்று கேட்போம். அரை மணி நேரம் சந்தோஷமாகப் பேசிவிட்டுத் தூங்கிவிடுவார். பகலில் அதிகம் தூங்க விடாதீர்கள். வெயில் சாயும் நேரத்தில்தான் இவர்களுக்குப் பதற்றம் கூடும், அந்த நேரம் பார்த்து வலையைக் கையில் கொடுங்கள். நல்ல வேலை ஒன்று அவர் கையில் இருக்கிறது, அது இருக்கிற வரைக்கும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று முக்கியம். அப்பா விஷயம் புரிந்து கையெழுத்துப் போடுகிற நிலையில் இருக்கும்போதே வங்கிக் கணக்கில் அம்மா பெயரையும் சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று மாற்றிவிடுங்கள், நிலம் வீடு ஏதாவது இருந்தால் அதையும் குடும்பமாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். நாள் போனால் ஒரு சின்னப் பணம் எடுக்கக்கூட அலைய வேண்டிவரும்.

ஓய்வுபெற்ற செவிலியர், தேவிபட்டினம்

பாம்பன் தம்பி சொன்ன சித்தப்பா கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. வயதானவர்கள் திடீரென்று இரண்டு மூன்று நாளில் உளற ஆரம்பித்தால் அது பெரும்பாலும் அல்சைமர் இல்லை. சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், உடம்பில் உப்புச் சத்து குறைவது, புதிதாக ஆரம்பித்த தூக்க மாத்திரை, குடியைத் திடீரென நிறுத்துவது, இதில் எது வந்தாலும் அப்படி ஆகும். காரணம் தீர்ந்தால் ஆளும் தெளிந்துவிடுவார். அல்சைமர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாக வருவது. உங்கள் அப்பாவுக்கும் நாளைக்கே திடீரென்று மோசமானால் நோய் முற்றிவிட்டது என்று வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தைராய்டும் பி12 வைட்டமினும் பார்த்தார்களா என்று அந்தச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் குறை இருந்தால் மறதி வரும், இரண்டுக்கும் மருந்து உண்டு. படகில் வழுக்கி, படியில் விழுந்து தலையில் அடிபட்டவர்களுக்கு சில வாரம் கழித்து மூளைக்கு மேலே ரத்தம் கட்டி நிற்கும், அதுவும் மறதி மாதிரியே காட்டும். உங்கள் அப்பாவுக்கு அது இருந்திருந்தால் எடுத்த ஸ்கேனிலேயே தெரிந்திருக்கும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பரிசோதனை பண்ணாமல் யாரையும் மறதிக்காரர் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

டோனிபெசில் நோயை நிறுத்தாது, கொஞ்ச காலத்துக்கு நினைவையும் அன்றாட வேலையையும் தாங்கிப்பிடிக்கும், அதுவும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. நாடித்துடிப்பு குறைகிறதா, பசி போய் எடை இறங்குகிறதா என்று கவனியுங்கள். ராத்திரி போட்டால் சிலருக்குக் கெட்ட கனவு வரும், தூக்கம் கலையும். அப்பா நடுராத்திரி எழுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், காலையில் மாற்றிப் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். இது பெயர் பெற்ற கம்பெனி மாத்திரையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் கேட்டுப் பாருங்கள், விலையில் நல்ல வித்தியாசம் இருக்கும்.

மதுரைக்கு ஒவ்வொரு தடவையும் போக வேண்டியதில்லை. ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மனநலப் பிரிவு அங்கே உண்டு, மதுரைச் சீட்டைக் காட்டித் தொடர் சிகிச்சையை அங்கே மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்ட டாக்டர்கள் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் வருவார்கள், எந்த நாள் என்று ராமேஸ்வரம் ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவால் முடியவில்லை என்றால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். அது நோயாளிக்கு மட்டும் இல்லை, பார்த்துக்கொள்கிறவர்களும் கூப்பிடலாம். முதியோர் உதவி எண் 14567, அது காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை.

அம்மாவுக்குச் சர்க்கரை என்றீர்களே, மக்களைத் தேடி மருத்துவத்தில் அவர் பெயர் இருக்கிறதா? 2021-ல் ஆரம்பித்த திட்டம், சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும். படுக்கையில் விழுந்தவர்களுக்கு உடற்பயிற்சி சிகிச்சையும் வலி தணிக்கும் பராமரிப்பும் அதிலேயே இருக்கிறது, அப்பாவுக்குப் பின்னாளில் அது தேவைப்படும். மாத்திரை கொண்டுவருகிற பெண்ணிடம் அப்பா நிலைமையையும் சொல்லிப் பதிவு பண்ணச் சொல்லுங்கள். அந்தப் பெண்கள் உங்கள் ஊர்க்காரர்கள்தான், தெருத்தெருவாக வீடு அறிந்தவர்கள். இந்த நோயைப் பற்றி அவர்களுக்கு ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தால் எத்தனை வீட்டில் வெளிச்சம் வரும் என்று பணியில் இருந்த காலம் முழுக்க நினைத்திருக்கிறேன்.

புது ஊசி பற்றி: லெக்கனமாப், டோனனமாப் என்று இரண்டு. அமெரிக்காவில் முதலாவதுக்கு 2023-லும் அடுத்ததுக்கு 2024-லும் முழு ஒப்புதல் கிடைத்தது. மூளையில் படிகிற அமிலாய்ட் என்ற புரதத்தை எடுக்கிற மருந்துகள். குணமாக்காது. நோய் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், அதுவும் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையோ மாதம் ஒரு தடவையோ நரம்பில் ஏற்ற வேண்டும், மூளை வீக்கம், ரத்தக்கசிவு வருகிறதா என்று அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். வழி தெரியாமல் நிற்கிற நிலைக்கு வந்துவிட்டவருக்கு அதைத் தேடிக் கடன் வாங்காதீர்கள் அம்மா.

தங்கச்சிமடம் மகள்

லாத்தா, சிஸ்டர், கையெடுத்துக் கும்பிடுகிறேன். சீட்டைப் பார்த்தேன், தைராய்டு எடுத்திருக்கிறார்கள், பி12 இல்லை. மாத்திரை ராத்திரிதான் போடுகிறோம், அதைக் கேட்டுவிடுகிறேன். பணம் விஷயம் யாரும் சொல்லவில்லையே?

சாயல்குடிக்காரன்

அக்கா, பணம் விஷயத்துக்கு நான் எழுதுகிறேன். பெங்களூரில் உடல்நலத் துறை ஆய்வுகளில் களவேலை பார்க்கிறேன், சொந்த ஊர் சாயல்குடி.

ஆராய்ச்சிக்குப் பணம் அவசியம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அல்சைமர் என்ற ஜெர்மன் டாக்டர் இந்த நோயை முதன்முதலில் ஒரு கூட்டத்தில் எடுத்துச் சொன்னது 1906-ல், நூறு வருடம் தாண்டியும் நோயைத் தடுத்து நிறுத்துகிற மருந்து இல்லை. ஆனால் அந்தப் பணம் எந்த அளவில் நடக்கிறது என்று பாருங்கள். அமெரிக்க அரசு மட்டும் இந்த நோய் ஆராய்ச்சிக்கு ஆண்டுக்கு 300 கோடி டாலருக்கு மேல் செலவழிக்கிறது. நம் நாட்டில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் எத்தனை பேருக்கு மறதி நோய் என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்த பெரிய ஆய்வுக்கே அமெரிக்க அரசின் முதுமை ஆய்வு நிறுவனம்தான் பணம் கொடுத்தது. 2023-ல் வந்த அந்தக் கணக்குப்படி 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் மூளை ஆராய்ச்சி மையம் ஒன்று இருக்கிறது, கோலார் மாவட்டம் சீனிவாசபுரம் பக்கத்துக் கிராமத்து மக்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து யாருக்கு நினைவு குறைகிறது, ஏன் குறைகிறது என்று பார்க்கிறார்கள். அருமையான வேலை. அதை ஆரம்பிக்க இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் அறக்கட்டளை கொடுத்தது 225 கோடி ரூபாய். சிங்கப்பூர்ப் பையன்கள் வியர்வை சிந்திச் சம்பாதித்து அனுப்புகிற பணம் அங்கே போய்ச் சேர்ந்தால் நன்றிக் கடிதம் வரும், உங்கள் தெருவில் ஒன்றும் மாறாது.

ஆனால் ஆராய்ச்சி என்றால் மருந்து மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், இதைத்தான் அண்ணனிடம் சொல்ல வேண்டும். 1998-ல் கொச்சியில் ஆரம்பித்த 10/66 என்று ஒரு ஆய்வுக்குழு உண்டு. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்ற கோபத்தில் வைத்த பெயர் அது. சென்னையிலும் வேலூர்க் கிராமங்களிலும் அவர்கள் வேலை பார்த்தார்கள். அந்த வழியில் வந்த ஒரு ஆய்வு கோவாவில் நடந்தது, 2008-ல் வெளியானது. 81 குடும்பங்கள். மருந்து கம்பெனி இல்லை, பெரிய ஆஸ்பத்திரி இல்லை. உள்ளூர் ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள், அவர்கள் வீட்டுக்குப் போய் நோய் என்ன என்று விளக்கினார்கள், கோபம் வரும்போது என்ன செய்வது, தூங்காதபோது என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தார்கள், அரசு உதவிக்கு மனு எழுத உதவினார்கள், பின்னாலிருந்து ஒரு மனநல டாக்டர் வழிகாட்டினார். ஆறு மாதத்தில் பார்த்துக்கொள்கிறவர்களின் மன உளைச்சல் கணிசமாகக் குறைந்தது. மேலே கீழக்கரை லாத்தா எழுதியது முழுக்க அந்த மாதிரிப் பயிற்சியில் சொல்கிற விஷயம்தான், அவர் அனுபவத்தில் கண்டிருக்கிறார்.

அதனால் என் கருத்து, அந்தப் பணத்தில் உங்கள் ஊரிலேயே இரண்டு மூன்று பெண்களுக்குப் பயிற்சி கொடுங்கள், மாதச் சம்பளம் கொடுத்து வீடுகளுக்கு அனுப்புங்கள். ஒரு வருடமாவது ஓட வேண்டும், ஒரு நாள் ஊர்வலத்தோடு முடியக் கூடாது. பயிற்சிக்குச் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பில் மறதி நோய்க்கென்று இருக்கிற டெம்கேர்ஸ் பிரிவைக் கேட்கலாம், 1992-ல் கேரளத்தில் ஆரம்பித்த ஏஆர்டிஎஸ்ஐ என்ற அல்சைமர் சங்கத்தைக் கேட்கலாம். எத்தனை வீடு, எத்தனை பேர், பார்த்துக்கொள்கிறவர்கள் நிலை முன்னும் பின்னும் எப்படி என்று ஒரு நோட்டில் ஒழுங்காக எழுதி வையுங்கள். பெயர் வேண்டாம், சம்மதம் வாங்கிக்கொண்டு எழுதுங்கள். நாளைக்கு மாவட்ட ஆட்சியரிடம் போய் நிற்கும்போது அந்த நோட்டு பேசும்.

இன்னும் ஒன்று, இது எனக்கு ரொம்ப உறுத்துகிற விஷயம். நினைவுச் சோதனை என்று ஆஸ்பத்திரியில் கேட்கிற கேள்விகளில் பாதி பள்ளிக்கூடம் போனவர்களுக்கானவை. ஒரு வாக்கியம் எழுது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, இன்றைக்கு என்ன தேதி என்று கேட்பார்கள். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த ஒருவர், பிறை கணக்கை வைத்து நீரோட்டம் சொன்னவர், நல்ல நினைவோடு இருக்கும்போதே இதில் தவறிவிடுவார். 1990-களில் ஹரியானாவில் பல்லப்கர் கிராமங்களில் எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கென்றே சோதனையை மாற்றி எழுதினார்கள், இன்றைக்கும் நம் நாட்டு ஆய்வுகள் பலவற்றில் அதைப் பயன்படுத்துகிறார்கள். நம் கடற்கரையில் படகு ஓட்டியவர்கள், பாசி எடுக்கிற பெண்கள், பனையேறியவர்கள் அந்த மாதிரி ஆய்வுகளில் இடம்பெற வேண்டும். பணம் அனுப்புவதைவிட, கணக்கெடுக்க யாராவது வந்தால் கதவைத் திறந்து பேசுவதுதான் நம்மால் ஆராய்ச்சிக்குச் செய்ய முடிகிற பெரிய உதவி.

ராமேஸ்வரம் ஆட்டோ

நான் ரெண்டு வார்த்தை சொல்லிக்கிறேன். தம்பி நல்லா விளக்கமா எழுதியிருக்கிறார், ஆனால் விழிப்புணர்வை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். பேனரும் ஊர்வலமும் வேண்டாம், அதில் நானும் அவர் கட்சிதான். ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ராமேஸ்வரத்தில் தினமும் எத்தனை ஆயிரம் பேர் வந்து போகிறார்கள். அக்னி தீர்த்தத்தில் குளித்து, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, ஈரத்துணியோடு பிரகாரத்தில் நடக்கும்போது வயதானவர்கள் கூட்டத்தில் பிரிந்துவிடுவார்கள். சாதாரணமாகத் தொலைந்தவர் தன் ஊர், மகன் பெயர், லாட்ஜ் பெயர் சொல்லுவார். சிலர் எதுவும் சொல்ல மாட்டார்கள், கேட்டால் சிரிப்பார்கள், இல்லை நம்மையே மகன் என்பார்கள். இந்தி, தெலுங்கு, வங்காளம் என்று என்ன பாஷையோ, பேசுவது புரியாது. குடித்திருக்கிறார், பைத்தியம் என்று கடைக்காரர்கள் விரட்டுவதைப் பார்த்து நெஞ்சு பதறியிருக்கிறது. இது நோய் என்று தெரிந்த ஆள் ஒருவர் அங்கே நின்றால் போதும், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து போலீசுக்குச் சொல்லிவிடலாம். ஆட்டோ ஸ்டாண்டு, டீக்கடை, மீன் ஏலம் விடுகிற இடம், பஸ் கண்டக்டர்கள், கோயில் வாசலில் பூ விற்கிறவர்கள், இவர்களைத் தேடிப்போய் அரை மணி நேரம் பேசினால் அதுதான் விழிப்புணர்வு.

தங்கச்சி, அப்பா போட்டோவும் உங்கள் நம்பரும் வைத்து உங்கள் துறையில் படகு நிறுத்துகிறவர்கள், அங்கே இருக்கிற சம்மாட்டிகள் (படகு முதலாளிகள்), டீக்கடைக்காரர் எல்லாரிடமும் இப்போதே சொல்லி வையுங்கள். வெட்கப்படாதீர்கள். அவர் எந்தப் பாதையில் போவார் என்று உங்களுக்குத் தெரியும், கடலுக்குத்தான். அந்தப் பாதையில் இருக்கிற பத்து வீட்டுக்காரர்கள் தெரிந்துவைத்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். சட்டைப்பையில் சீட்டு வைத்தால் தூக்கிப் போட்டுவிடுவார், சட்டைக் காலர் உள்பக்கம் நம்பரைத் தைத்துவிடுங்கள், கழுத்தில் சிலுவையோடு ஒரு டாலர் மாதிரி செய்து நம்பர் பொறித்துப் போட்டாலும் சரி. காணோம் என்றால் சொந்தக்காரர்கள் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே 100, கடல் பக்கம் என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

ஓய்வுபெற்ற செவிலியர், தேவிபட்டினம்

ஆட்டோ அண்ணன் சொன்ன அந்த அரை மணி நேரப் பேச்சில் இதையும் சேர்த்துவிடுங்கள். மறதி நோய் வராமல் தடுக்கக்கூடிய பங்கும் உண்டு. 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் குழு ஒன்று 14 காரணங்களைச் சொன்னது, அத்தனையையும் சரிசெய்ய முடிந்தால் உலகத்தில் சுமார் 45 சதவீத மறதி நோயைத் தடுக்கலாம், தள்ளிப்போடலாம் என்கிறார்கள். அதில் பிரஷர், சர்க்கரை, புகை, குடி, தலையில் அடி, தனிமை எல்லாம் இருக்கிறது. நம் ஆட்களுக்கு முக்கியமானது காது, கண். இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தே காது மந்தமானவர்கள் ஒவ்வொரு துறையிலும் இருக்கிறார்கள், கடல் வெயிலில் கண்ணில் புரை விழுந்தவர்களும் அப்படித்தான். காது கேட்காதவரிடம் வீட்டில் யாரும் பேசுவதில்லை, பேச்சு குறைந்தால் மூளைக்கு வேலை குறைகிறது. கண்ணுக்கு இலவச முகாம் நடக்கும்போது கூட்டிப்போங்கள், காது மெஷினுக்கு மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள். பயிற்சி கொடுக்கப்போகும் பெண்கள் வீட்டுக்கு வீடு போகும்போது இதையும் பார்த்தால் இரட்டைப் பயன்.

கீழக்கரை லாத்தா

சாயல்குடித் தம்பி சொன்ன பெண்களை எடுக்கும்போது, ஏற்கெனவே வீட்டில் இப்படி ஒருவரைப் பார்த்து முடித்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களை முதலில் கேளுங்கள். நோய்க்காரர் போன பிறகு வீட்டில் வேலையும் இல்லை, பேசவும் ஆள் இல்லை, அந்தக் காலம் ரொம்பக் கொடியது. சம்பளம் கண்டிப்பாகக் கொடுங்கள், புண்ணியத்துக்குச் செய் என்று சொல்லாதீர்கள். பயிற்சி எப்போது வைத்தாலும் நான் கீழக்கரையிலிருந்து வருகிறேன், என் மச்சியையும் கூட்டி வருகிறேன்.

தங்கச்சிமடம் மகள்

எல்லாவற்றையும் அண்ணனுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். அவன் பிடிவாதமாக ஆராய்ச்சி என்றுதான் இருந்தான், கோவா ஆய்வைக் கேட்டதும் யோசித்தான். இப்போது பேசி முடிவுசெய்திருப்பது இதுதான்: பேனர் இல்லை. சேர்கிற பணம் முழுக்க இரண்டு பெண்களுக்கு ஒரு வருடச் சம்பளமும் பயிற்சிச் செலவும். குறைந்தால் அண்ணன் போடுகிறேன் என்றான். செப்டம்பர் 21 அன்று காலையில் மீன் ஏலம் விடுகிற இடத்திலும் சாயங்காலம் ஆட்டோ ஸ்டாண்டிலும் பேசுவது, அதற்கு ராமேஸ்வரம் அண்ணன் வந்தால் நன்றாக இருக்கும். எங்கள் சர்ச்சில் பூசை முடிந்து பேச ஐந்து நிமிடம் கேட்டிருக்கிறேன், சாமியார் சரி என்றார். ஜமாஅத்திலும் சொல்கிறேன் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லியிருக்கிறார்.

அம்மா நேற்று ராத்திரி சித்தி வீட்டில் தூங்கினார். நானும் சித்தி மகனும் காவல். அப்பா எழுந்தார், நீரோட்டம் சரியில்லையாம் என்று சொன்னேன், யார் சொன்னது என்று கேட்டார், ஊர்க்காரர்கள் என்றேன், சரி என்று உட்கார்ந்துகொண்டார். பி12 பார்க்க ரத்தம் கொடுத்திருக்கிறோம். மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று கேட்பதற்கு ராமநாதபுரத்தில் நாள் வாங்கியிருக்கிறேன்.

மண்டபம், உச்சிப்புளி, பாம்பன் பக்கம் இதே நிலையில் இருக்கிற வீடுகள் இருந்தால் இங்கேயே எழுதுங்கள், பயிற்சி கொடுக்க ஆள் வரும்போது எல்லா ஊருக்கும் சேர்த்தே வைத்துவிடலாம். பாம்பன் தம்பி, உங்கள் சித்தப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

பாம்பன் தம்பி

நல்லா இருக்கார் அக்கா. இப்போ வீட்டில் கேட்டேன், அந்த நேரம் அவருக்குக் கடுமையான காய்ச்சல் இருந்ததாம். நாங்க பாம்பனில் நாலு பேர் பைக்கோடு இருக்கோம். 21-ஆம் தேதி வேலைக்குக் கூப்பிடுங்க, துறைக்குத் துறை போய்ச் சொல்றது எங்க பொறுப்பு.